சத்துள்ள உணவையே உண்கிறேன், ஆனாலும் பசி அடங்கவில்லை

கேள்வி: களுவாஞ்சிக்குடி ஆசிரியை

வணக்கம். எனக்கு 36 வயது. களுவாஞ்சிக்குடியில் அம்மாவின் வீட்டில் கணவருடனும் இரண்டு பிள்ளைகளுடனும் வசிக்கிறேன். மட்டக்களப்பு நகரத்துக்கு அண்மையிலுள்ள ஒரு பாடசாலையில் கற்பிக்கிறேன். ஐந்து மாதங்களாக என்னை வாட்டிக்கொண்டிருக்கும் ஒரு விடயத்துக்கு விளக்கம் வேண்டியே இதனை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டின் இறுதியில், நீரிழிவினால் ஆறாதிருந்த ஒரு புண் காரணமாக அம்மாவின் வலது காலில் இரண்டு விரல்களை அகற்ற வேண்டியதாயிற்று. அந்த நோய் எனக்கு வரவே கூடாது என்ற அச்சத்தில் எனது உணவை அடியோடு மாற்றினேன். சீனி, பாண், கோதுமை மா ரொட்டி, பொரியல், தேங்காய்ப்பால், தயிர் எல்லாவற்றையும் நிறுத்தினேன். இப்போது காலையில் தண்ணீரில் காய்ச்சிய ஓட்ஸ் ஒரு சிறிய கோப்பையும் சீனி சேர்க்காத பப்பாசிச் சாறும் எடுக்கிறேன். இடைவேளையில் ஒரு கொய்யாப்பழம். மதியம் ஒரு தேநீர்க் கோப்பை அளவு சிவப்பரிசிச் சோறு, தேங்காய்ப்பால் விடாமல் சமைத்த மூன்று மரக்கறிகள், இரண்டு கரண்டி பருப்பு, சில நாட்களில் ஒரு சிறு துண்டு மீன். இரவில் வெள்ளரிக்காய், பப்பாசி, மரக்கறி சூப். ஜனவரியில் 64 கிலோவாக இருந்த எடை இப்போது 58 ஆகியுள்ளது.

உணவில் குறை கூற எதுவுமில்லை என்றே எண்ணுகிறேன். ஆயினும் எனக்கு எப்போதும் பசிக்கிறது. ஒன்பதரை மணிக்குக் கரும்பலகையில் எழுதிக்கொண்டு நிற்கும்போதே வயிறு இழுத்துப் பிடிக்கிறது. பிற்பகல் பஸ்ஸில் வீடு திரும்புகையில் வீதியோரத்து அவித்த சோளத்தின் மணம் கண்களில் நீரை வரவழைக்கிறது. இரவு பதினொன்றரை வரையில் விடைத்தாள் திருத்துவேன். அந்நேரத்தில் பிள்ளைகளுக்கென வாங்கி வைத்த பிஸ்கட் பெட்டியை யாருக்கும் தெரியாமல் திறந்து, ஆறு ஏழு எடுத்து உண்டுவிட்டு, அதன் பின்னர் அழுதுகொண்டு படுத்த நாட்களும் உண்டு. காலை நாலரைக்கு மீண்டும் எழும்ப வேண்டும்.

அம்மாவின் நோய் எனக்கும் தொடங்கிவிட்டதா? வயிற்றில் பூச்சியாக இருக்கும் என்று பெரியம்மா கூறுகிறார். அல்லது எனக்கு மனக்கட்டுப்பாடு போதாதா? தெரிந்தவர்கள் தயவுசெய்து கூறுங்கள்.


பதில் 1: கல்லடியிலிருந்து ஒரு தாதிய உத்தியோகத்தர்

அன்புள்ள தங்கைக்கு, அம்மாவின் கால் பற்றி எழுதியதை வாசித்தபோது உங்கள் அச்சம் எனக்கு நன்றாகவே விளங்கியது. நீரிழிவுக் கிளினிக்கில் பல ஆண்டுகள் வேலை செய்தவள் என்பதால், முதலில் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். உணவைப் பற்றி எவ்வளவு பேசினாலும், இரத்தப் பரிசோதனை செய்யாமல் பேசுவது அரைகுறையாகவே இருக்கும். தாய்க்கு நீரிழிவு இருக்கிறது, உங்கள் எடை ஐந்து மாதங்களில் 6 கிலோ குறைந்திருக்கிறது, பசியும் அதிகமாக இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் காரணம் உணவுதான் என்று ஊகித்துக்கொண்டு எந்த வைத்தியரும் விட்டுவிட மாட்டார்.

நீரிழிவில் பசி கூடுவதற்குக் காரணம் இதுதான்: இன்சுலின் போதாமலோ சரியாக வேலை செய்யாமலோ இருக்கும்போது, உண்ட உணவிலிருந்து வந்த சீனி இரத்தத்தில் மிதந்துகொண்டிருக்குமே தவிர கலங்களுக்குள் செல்லாது, கலங்கள் பட்டினி கிடப்பதால் உடல் மேலும் மேலும் உணவு கேட்கும். இத்துடன் கடும் தாகமும், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழும்புவதும் சேர்ந்திருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். எட்டு மணித்தியாலம் எதுவும் உண்ணாதிருந்து காலையில் பார்க்கும் இரத்தச் சீனி ஒரு டெசிலீட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் நல்லது. 126 அல்லது அதற்கு மேல் இருந்தால், மீண்டும் ஒரு முறை பார்த்து நீரிழிவு என்று உறுதிசெய்வார்கள். கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 6.5 சதவீதம் என்பது அந்த எல்லை.

அடுத்தது தைரொயிட். அச்சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்தால் எவ்வளவு உண்டாலும் எடை குறையும், பசி கூடும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், மற்றவர்கள் மின்விசிறியை நிறுத்தச் சொல்லும்போதும் உங்களுக்கு வியர்த்துக்கொண்டிருக்கும். டிஎஸ்எச் என்னும் ஒரு பரிசோதனையில் இது பெரும்பாலும் தெரிந்துவிடும். இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பம் தரித்திருக்க வாய்ப்பு உண்டா என்பதையும், தடிமனுக்கோ ஒவ்வாமைக்கோ மூட்டு வலிக்கோ ஏதேனும் மாத்திரைகளைத் தொடர்ந்து எடுக்கிறீர்களா என்பதையும் வைத்தியரிடம் கூறுங்கள். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொயிட் மாத்திரைகளும், ஒவ்வாமை மாத்திரைகள் சிலவும் பசியைத் தூண்டும். பூச்சி மருந்து எடுத்தோம் என்ற திருப்தியில் இரத்தப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால், எங்கே எந்த நாளில் இலவசமாகப் பார்க்கலாம் என்று கூறுவார்கள்.

மனக்கட்டுப்பாடு பற்றிய உங்கள் கேள்விக்கு என் பதில் ஒன்றுதான். பசித்தவர் உண்டதற்காக அழ வேண்டியதில்லை.


பதில் 2: வாழைச்சேனை வாசகர்

சகோதரிக்கு வணக்கம். எனக்கும் முன்னர் இப்படித்தான் இருந்தது. பசி என்று நாம் நினைப்பது பல வேளைகளில் தாகம்தான் என்று கேள்விப்பட்டு, பசிக்கும்போதெல்லாம் இரண்டு கிளாஸ் தண்ணீரோ சீனியில்லாத பிளேன்டீயோ குடித்துப் பழகினேன். ஒரு மாதத்தில் வயிறு பழகிவிட்டது. நீங்களும் முயன்று பார்க்கலாம்.


பதில் 3: திருக்கோவில், ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்

மகளுக்கு, தம்பி வாழைச்சேனை வாசகர் நல்லெண்ணத்துடன் கூறியிருக்கிறார். வெயிலில் அலைந்தவருக்கு அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் உங்களுக்கு அந்த வழி பொருந்தாது என்பதைக் கணக்கோடு காட்ட விரும்புகிறேன். தண்ணீர் வயிற்றை விட்டு விரைவில் இறங்கிவிடும். அரை மணித்தியாலம் ஏமாற்றலாம், அவ்வளவே.

நீங்கள் எழுதிய ஒரு நாள் உணவைக் காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். ஓட்ஸ் 150 கலோரி, பப்பாசிச் சாறு 80, கொய்யா 60, மதியச் சோறு 150, மரக்கறி மூன்றுக்கும் 120, பருப்பு 40, மீன் இருந்தால் 40, இரவு உணவு 150. மொத்தமாக 800 கலோரிக்குக் கிட்ட வருகிறது. வீட்டு அளவுகள் முன்பின்னாக இருக்கலாம் என்று கூட்டிக்கொண்டாலும் ஆயிரத்தைத் தாண்டாது. நாள் முழுவதும் நின்று கற்பித்து, பஸ்ஸில் போய்வந்து, வீட்டு வேலையும் செய்யும் உங்கள் வயதுப் பெண்ணுக்கு 1,800 கலோரியாவது வேண்டும். நீங்கள் உண்பவை எல்லாம் நல்ல உணவுகள்தான், மகள். ஆனால் அவை ஒரு முழு மனிதருக்குப் போதுமானவையாக இல்லை. இரவில் பிஸ்கட் பெட்டியைத் திறக்க வைத்தது இந்தக் கணக்கில் விழுந்த துண்டுதான்.

கலோரியைவிடப் பெரிய குறை புரதத்தில் இருக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு உடலெடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் வீதம் நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் புரதம் வேண்டும். 58 கிலோவுக்கு அது 46 கிராம். உங்கள் உணவில் மீன் உள்ள நாளிலேயே 28 கிராம்தான் தேறுகிறது. மீன் இல்லாத நாளில் 20 அளவில் நிற்கிறது. மாச்சத்து, கொழுப்பு, புரதம் என்ற மூன்றிலும் பசியை நீண்ட நேரம் அடக்கி வைப்பது புரதமே. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்துகொண்டு மீனைக் குறைத்தீர்கள் என்பது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம். பொரிப்பதை நிறுத்தியது சரி. அதற்காக மீனையே ஏன் நிறுத்த வேண்டும்? புளியாணமாகவோ அளவான தேங்காய்ப்பாலில் சொதியாகவோ வைத்தால் என்ன கெடுதி?

1995இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு கலோரியைக் கொடுத்து, இரண்டு மணித்தியாலங்களுக்கு யாருக்கு எவ்வளவு வயிறு நிறைந்திருக்கிறது என்று பார்த்தார்கள். வெள்ளைப் பாணை 100 என்று வைத்துக்கொண்டால், அவித்த உருளைக்கிழங்கு 323, மீன் 225, தோடம்பழம் 202, முட்டை 150 என்று வந்தன. வெள்ளைச் சோற்றுக்கு 138, தவிடு நீக்காத அரிசிச் சோற்றுக்கு 132 என்றே வந்தன. சிவப்பரிசியில் நார்ச்சத்தும் விற்றமின்களும் கூடுதல் என்பதில் ஐயமில்லை, அதனை விடவும் வேண்டாம். ஆனால் அரிசியின் நிறம் மாறியதால் மட்டும் பசி அடங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அந்தச் சோற்றோடு தட்டில் வேறு என்ன இருக்கிறது என்பதே முக்கியம்.

பழச்சாறு பற்றியும் ஒரு சொல். பப்பாசியை அடித்துக் குடிக்காமல் வெட்டிச் சாப்பிடுங்கள். 1977இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அப்பிளை முழுதாகவும், மசித்தும், சாறாகவும் கொடுத்துப் பார்த்தபோது முழுப்பழம் அதிகமாகவும் சாறு மிகக் குறைவாகவும் வயிற்றை நிறைத்தன. மென்று உண்ண நேரமும் எடுக்கும், நாரும் சிதையாமல் வயிற்றுக்குள் போகும்.

நான் சம்மாந்துறை வயல்களிலும் எங்கள் பக்கத்து வயல்களிலும் அறுவடைக் காலங்களில் நின்றவன். இயந்திரங்கள் வருவதற்கு முன்னர், வேளாண்மை வெட்டுபவர்கள் காலையில் பழஞ்சோற்றோடு தயிரும் கருவாடும் வெங்காயமும் உண்டுவிட்டு இறங்கினால் மதியம் வரையில் வரப்பில் ஏற மாட்டார்கள். அவ்வளவு சோறு உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் அந்தக் கலயத்தில் புரதமும் கொழுப்பும் சேர்ந்திருந்ததைக் கவனியுங்கள். உங்கள் காலைக் கோப்பையில் அவை இரண்டும் இல்லை.

ஆகவே நான் கூறுவது: காலையில் குரக்கன் பிட்டு ஒரு கோப்பையோடு இரண்டு அவித்த முட்டை, அல்லது தேங்காய்ப்பூ தூவிய அவித்த கௌபி ஒரு கோப்பை. இடைவேளைக்குக் கொய்யாவோடு ஒரு கைப்பிடி கச்சான். 30 கிராமில் 7 கிராம் புரதம் இருக்கிறது. மதியம் உள்ளங்கை அளவு மீனும், கரண்டிக் கணக்கில்லாமல் ஒரு கோப்பைப் பருப்பும். பட்டித் தயிரைப் பாணி விடாமல் அளவாக உண்ணுங்கள். இரவில் வெள்ளரிக்காயை இடியப்பத்துக்குப் பக்கத்தில் வையுங்கள், இடியப்பத்துக்குப் பதிலாக வைக்காதீர்கள்.


பதில் 4: காத்தான்குடி சகோதரி

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஐயா கூறிய கணக்கை நான் நோன்பு காலத்தில் எனது உடலிலேயே கண்டிருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன். சில ஆண்டுகளாக, விடியுமுன் உண்ணும் சஹர் உணவுக்குப் பாணும் ஜேமும் இனிப்பான தேநீரும் எடுத்து வந்தேன். காலை பத்து மணிக்கே தலை கிறுகிறுக்கும். எனது மாமியோ சோறு, பருப்பு, மீன், கொஞ்சம் தயிர் என்று உண்டுவிட்டு, பிற்பகல் அஸர் தொழுகை வரையில் ஒரு முறைப்பாடும் இன்றி வேலை செய்வார். ஒரு நோன்பில் அவரைப் பின்பற்றினேன். நோன்பின் நேரம் அதுவேதான், ஆனால் பசி வந்த நேரம் பிற்பகலுக்குத் தள்ளிப் போயிற்று.

இன்னொன்றையும் அப்போது கவனித்தேன். முதல் வாரத்தில், வழக்கமாகத் தேநீர் குடிக்கும் நேரத்தில் பசி கடுமையாக எழும்பும். எதுவும் உண்ணாமலேயே அரை மணித்தியாலத்தில் தானாகத் தணிந்துவிடும். கிரெலின் என்னும் பசி ஹோர்மோன், நாம் வழக்கமாக உண்ணும் வேளைகளை ஒட்டி உயர்ந்து பின்னர் தாழும் என்று பிற்பாடு வாசித்து அறிந்தேன். ஆகையால் சகோதரி, வரும் பசியெல்லாம் ஒன்றல்ல. மணிக்கூட்டைப் பார்த்து வருவது ஒன்று. எந்த நேரமும் அடிவயிற்றில் கிடந்து, கவனத்தைக் குலைத்து, அழவைப்பது வேறு. நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகை என்றே எனக்குத் தோன்றுகிறது. முன்னதைப் பொறுத்துக்கொள்ளலாம். பின்னதைப் பொறுக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

வயிறு எரிந்து, புளித்த ஏப்பத்தோடு வரும் வேதனையையும் சிலர் பசி என்று நினைத்துவிடுவார்கள். எனக்குக் கொஞ்சக் காலம் அப்படித்தான் இருந்தது; வைத்தியர் மருந்து தந்த பின்னரே வித்தியாசம் தெரிந்தது. உங்களுக்கு அந்த எரிவு உண்டா என்பதையும் பாருங்கள்.


பதில் 5: களுவாஞ்சிக்குடி ஆசிரியை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். அக்கா கூறியபடியே முதலில் பரிசோதனைகளைச் செய்தேன். வெறுவயிற்றில் இரத்தச் சீனி 92, எச்பிஏ1சி 5.4. தைரொயிட் சரியாக இருப்பதாக வைத்தியர் கூறினார். அந்தத் துண்டைக் கையில் வாங்கியபோது அங்கேயே வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு நாள் பயத்தைச் சுமந்திருக்கிறேன். ஹீமோகுளோபின் மட்டும் 11.1 என்று குறைந்திருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை தந்திருக்கிறார். எனக்கு நெஞ்செரிவு இல்லை.

ஐயாவின் கணக்கை எனது கையாலும் ஒரு முறை போட்டுப் பார்த்தேன். அவர் கூறியது சரி. இப்போது காலையில் முட்டையோ கௌபியோ இல்லாமல் பஸ் ஏறுவதில்லை. அம்மா தாமாகவே முன்வந்து மீன் ஆணம் வைக்கத் தொடங்கிவிட்டார். நான் மீனை ஒதுக்கியதிலிருந்து, தமது கைச்சமையலைப் பழி சொல்கிறேன் என்று அவர் மனத்துக்குள் வருந்திக்கொண்டிருந்திருக்கிறார் என்பது இப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. ஒன்பதரை மணிப் பசி நான்காவது ஐந்தாவது நாளிலேயே போய்விட்டது. பிற்பகலில் பசிக்கிறது, ஆனால் தாங்கக்கூடிய பசி. எடை அரைக் கிலோ கூடியிருக்கிறது. அதைப் பார்த்தபோது சிறிது பயந்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

தீராதிருப்பது இரவுப் பசி. எட்டு மணிக்கு இடியப்பமும் சொதியும் மீனும் உண்டாலும், பதினொரு மணிக்கு விடைத்தாள்களோடு இருக்கும்போது இனிப்பாக ஏதேனும் வேண்டும் போலிருக்கிறது. இதற்கு என்ன செய்வது? இதே உணவை அம்மாவுக்கும் கொடுக்கலாமா?


பதில் 6: கல்லடியிலிருந்து ஒரு தாதிய உத்தியோகத்தர்

தங்கை, அந்த எண்களைப் பார்த்து நானும் மகிழ்ந்தேன். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருக்க வேண்டும். உங்கள் களைப்பில் ஒரு பங்கு அதனால் வந்திருக்கலாம். மாத்திரையை வைத்தியர் கூறிய காலம் முழுவதும் விடாமல் எடுங்கள். தேநீரை உணவோடும் மாத்திரையோடும் சேர்த்துக் குடிக்க வேண்டாம், ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பை உடலில் சேரவிடாது. தேசிக்காய் பிழிந்த கீரைச் சுண்டல் அதற்கு உதவும். அரைக் கிலோவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உங்கள் உயரத்தை நீங்கள் எழுதவில்லை. வைத்தியரிடம் கேட்டு, உங்களுக்கு உகந்த எடை எது என்று தெரிந்துகொண்ட பின்னர் தராசில் ஏறுங்கள். எடை குறையும்போது கொழுப்பிலிருந்து சுரக்கும் லெப்டின் என்னும் ஹோர்மோனும் குறைவதால், உடல் இழந்ததை மீட்கப் பசியைக் கூட்டிக்கொண்டே இருக்கும். 6 கிலோ இறங்கிய உடலுக்கு இது இயல்பு.

இரவுப் பசிக்கு உணவில் மருந்து தேட வேண்டாம். பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழும்பினால் ஐந்து மணித்தியாலம்தான் தூங்குகிறீர்கள். 2004இல் சிக்காகோவில் இளம் ஆண்கள் பன்னிருவரை இரண்டு இரவுகள் நாலு மணித்தியாலம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்த ஓர் ஆய்வில், பத்து மணித்தியாலம் படுக்கையில் இருந்த நாட்களைவிட லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது, கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது. அவர்கள் அதிகம் விரும்பியவை இனிப்பும் உப்பும் மாச்சத்தும் கூடிய உணவுகளே. பதினொரு மணிக்கு உங்கள் கை பிஸ்கட் பெட்டிக்குப் போவதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. விடைத்தாள்களில் ஒரு கட்டையாவது பாடசாலையின் ஓய்வுப் பாடவேளையில் முடித்துவிடப் பாருங்கள். காலைச் சமையலில் தேங்காய் திருவுவதையும் மரக்கறி வெட்டுவதையும் உங்கள் கணவர் இரவிலேயே செய்து வைக்கட்டும். பத்தரைக்குப் படுத்து ஐந்துக்கு எழும்ப முடிந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

அம்மாவுக்கு மீன், முட்டை, பருப்பு, கீரை எல்லாம் நல்லவைதான். ஆனால் மாத்திரையோ ஊசியோ எடுப்பவருக்குச் சோற்றின் அளவையும் வேளையையும் திடீரென மாற்றினால் இரத்தச் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கிவிடக்கூடும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் புரதத்தின் அளவையும் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். அடுத்த கிளினிக் நாளில் நீங்களும் கூடப் போங்கள். அம்மாவின் கிளினிக் கொப்பியோடு, அவர் ஒரு நாளில் எந்த நேரத்தில் என்ன உண்கிறார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.